ஆறு மாசம் பூட்டுன ரூம்

எங்க காம்பராவ ரூம்னு மொதல்ல சொன்னது எங்க அக்காதான். அதுக்கு முன்னாடி லயத்துல யாரும் அப்பிடிச் சொன்னதில்ல. எங்க லயத்துல பன்னெண்டு வீடு, வரிசையா, எல்லாத்துக்கும் ஒரே தகரக் கூரை. எங்களது தொங்கக் காம்பரா, கடைசி. முன்னால திண்ணை மாதிரி ஒரு இஸ்தோப்பு, அதுல ரெண்டு பேரு கால மடக்கிப் படுக்கலாம். உள்ளுக்க ஒரே ஒரு காம்பரா. ஜன்னல் கெடையாது. அம்மா, அப்பா, அக்கா, நானு. அவ்வளவுதான் எங்க வீடு.

அக்கா பதினாலு வயசுல தேயிலைத் தோட்டத்துத் தொர பங்களாவுக்குக் கூட்டித் தொடைக்கப் போனா. நான் மூணாம் வகுப்போட நின்னுட்டேன், பெறகு கொழுந்து பறிக்கப் போயிட்டேன். சாயங்காலம் ரெண்டு பேரும் அடுப்புகிட்ட உக்காந்தா அவ பங்களாக் கதைதான் சொல்லுவா.

"ஏய், இன்னைக்கு எண்ணிப் பாத்தேன்டி. ஒம்போது ரூம். இருக்கிறது தொரயும் தொரசாணியும்."

"ஒம்போதுலயும் என்னா செய்வாங்க?"

"ஒன்னுல தூங்குவாங்க. ஒன்னுல திம்பாங்க. ஒன்னுல தின்னுட்டு சும்மா உக்காந்திருப்பாங்க. துணி மாத்த ஒன்னு. ஒன்னு இருக்குடி, அதுல யாருமே இல்ல. யாராச்சும் வந்தா படுக்கிறதுக்காம். ஆறு வருசமா கூட்டுறேன், ஒருத்தரும் வரல."

அந்த ரூமக் கூட்டுறதுதான் அவளுக்குப் புடிக்காது. தெனமும் கட்டில் விரிப்பு கசங்காம இருக்கும், ஆனாலும் தெனமும் மாத்தணும். யாரோ இருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டு வேல செய்யணும்னு பங்களாவுல சமைக்கிற அப்பு சொல்லிக் குடுத்தாராம். அவருகிட்டதான் அக்கா ஒரு நாள் கேட்டிருக்கா, ரூம்னா என்னான்னு. "நாலு சொவரு, ஒரு கதவு, உள்ளுக்க ஒரே ஒரு வேல. அதுதான் ரூம்"னு அவரு சொன்னாராம்.

"அப்ப நம்மளது ரூமே இல்லடி"ன்னு அக்கா சிரிச்சா. "பெத்துக்கிறது, ஆக்குறது, படுக்கிறது, சாவுறது, அத்தனையும் இந்தப் பத்தடிக்குள்ளதான்."

அன்னைக்கே மூலைக்கு ஒரு பேரு வச்சா. அடுப்பு மூல டைனிங் ரூம். அம்மா சேலையத் தொங்கவிட்டு நாங்க துணி மாத்துற எடம் டிரெஸ்ஸிங் ரூம். கோழியக் கவுத்து வைக்கிற கூடைக்குப் பக்கம் கெஸ்ட் ரூம். அப்பா தேயிலை அரைக்கிற ஸ்டோர்ல அடுப்புக்கு வெறகு போடுற ஆளு. அவருக்கு இந்த ரூம் பேச்செல்லாம் பழக்கந்தான். ஸ்டோர்ல கொழுந்து வாட்ட ஒரு ரூம், அரைக்க ஒரு ரூம், காய வைக்க ஒரு ரூம், சலிக்க ஒரு ரூம். "தேயிலைக்கே நாலு ரூம் இருக்கு, நமக்கு ஒன்னு"ன்னு அவரு சொன்னாரு. அம்மா மட்டும் சிரிக்கல. "வீட்ட துண்டு துண்டா வெட்டாதீங்கடி, ஆகாது"ன்னாங்க.

அக்காவுக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரல. ஒரு நாள் தொர தேயிலை லாரியப் பாத்து, ரூம் இல்ல, ரூம் இல்லன்னு கத்துனாராம். லாரியில ஏது ரூம்? அப்புகிட்ட கேட்டா, இங்கிலீசுல எடத்துக்கும் அதே பேருதான்னு சொல்லியிருக்காரு. சொவரு வேணாம், கதவு வேணாம், ஒரு ஆளு நிக்கிற அளவுக்கு சும்மா கெடக்கிற எடம் இருந்தாப் போதும், அதுவும் ரூம்தான். அத வந்து சொன்னப்ப அக்கா சிரிக்கல. "ஒன்னுமே இல்லாததுக்கும் பேரு வச்சிருக்காங்க பாரேன்"னு மட்டும் சொன்னா.

காய்ச்சல் வந்தது மழைக்காலத்துல. மூணு நாளு. நாலாம் நாளு காலையில, வேலைக்குக் கூப்புடுற பெரட்டுத் தப்பு அடிக்கிறதுக்கு முன்னாடி, அக்கா செத்துப் போயிட்டா. இருவது வயசு.

கோயில் பண்டாரம் பஞ்சாங்கத்தப் பாத்துட்டு மூடி வச்சாரு. பெறகு அப்பாவ மட்டும் தனியாக் கூப்புட்டு, "அவிட்டம்"னாரு. அது அடைப்பு நச்சத்திரம். அதுல செத்தா, செத்த எடத்த ஆறு மாசம் அடைச்சு வைக்கணும். யாரும் உள்ள பொழங்கக் கூடாது. ஆறு மாசத்துக்கும் அந்த உசுரு அங்கனதான் இருக்குமாம். நாம போயி எடத்தப் புடிச்சா, அதுக்கு எடமில்லாமப் போயி, கூட ஒருத்தரக் கேக்கும். பொணத்தயும் வாசல் வழியாக் கொண்டு போகக் கூடாது. வழி தெரிஞ்சுக்கும். சொவத்த ஒடைச்சுத்தான் எடுக்கணும்.

சொவத்த ஒடைக்க முடியுமா? அது தோட்டத்துச் சொவரு. விசயம் கேட்டு கணக்கப்பிள்ளை ஐயா ஓடி வந்தாரு. "ஒரு கல்லப் பேத்தாலும் தொர எல்லாத்தயும் வெளிய போடுவாரு, சொல்லிட்டேன்"னாரு. சொல்லிட்டு, கதவோரமா நின்னு அக்காவப் பாத்து அவரும் அழுதாரு.

அப்பறம் ஸ்டோர்ல அப்பாகூட வேல செய்றவங்க நாலு பேரு கூரையில ஏறி ஒரு தகரத்தக் கழட்டுனாங்க. அக்காவப் பாயில சுத்தி, கயிறு கட்டி, மேல தூக்குனாங்க. அன்னைக்கு சரியான பனிமூட்டம். தகரம் இருந்த எடத்துல வெள்ளையத் தவிர ஒன்னும் தெரியல. மேல இருக்கவங்களோட கையிதான் தெரிஞ்சுச்சு. அக்கா நிமுந்து நின்ன மாதிரியே மேல போனா. தல மொதல்ல பனிக்குள்ள போச்சு. பாதத்த அம்மா புடிச்சிருந்தாங்க. விடவே இல்ல. நான்தான் அம்மா வெரல ஒவ்வொன்னா எடுத்து விட்டேன்.

லயத்துல யாரும் பூட்டு வச்சிருக்க மாட்டாங்க. நானும் அப்பாவும் பஸ் புடிச்சு ராகலை டவுனுக்குப் போனோம். அங்க முஸ்லிம் நானா ஒருத்தரு கடையில பூட்டு கேட்டதும் அவரு சிரிச்சாரு.

"லயத்துக் காம்பராவுக்குப் பூட்டா? அப்பிடி என்னா புள்ள உள்ள வச்சிருக்கீங்க?"

"அக்காவ"ன்னுட்டேன். வாயில வந்துருச்சு.

நானா என்னயப் பாத்தாரு, அப்பாவப் பாத்தாரு. அதுக்கப்பறம் பெரிய பூட்டா எடுத்துத் தொடைச்சுக் குடுத்தாரு.

பதினாறாம் நாளு கருமாதி முடிஞ்சு, கதவப் பூட்டி, கொண்டியில முள்ளுக் கொப்பு சொருகுனோம். நாங்க மூணு பேரும் இஸ்தோப்புக்கு வந்துட்டோம். சாக்கு தொங்கவிட்டு மறைச்சோம். அடுப்பும் அங்கதான், படுக்கையும் அங்கதான். அக்கா பாயி, சீப்பு, துணிமணி எல்லாம் உள்ளயே கெடந்துச்சு. சாவிய அம்மா இடுப்புல முடிஞ்சுக்கிட்டாங்க.

சத்தம் கேக்க ஆரம்பிச்சது ரெண்டாவது மாசத்துல. ராத்திரி இல்ல, நல்ல பகல்ல. ஞாயித்துக்கெழம மூணு மணிக்கெல்லாம் கீழ ஆத்துப் பக்கமிருந்து பனி ஏறும்ல, அப்ப. மொதல்ல சொட்டு சத்தம். அது எனக்குப் புரிஞ்சுச்சு. கழட்டுன தகரம் சரியாப் பொருந்தல, அந்த வழியா தண்ணி உள்ள விழுது. அடுத்த சத்தம் அப்பிடி இல்ல. சர், சர்னு. நிக்கும். மறுபடி சர், சர்னு. பக்கத்துக் காம்பரா அத்தை, அந்தப் பக்கத்துச் சொவத்துல காது வச்சுக் கேட்டுட்டு எங்க இஸ்தோப்புக்கு வந்தாங்க.

"மதினி, ஒங்க புள்ள கூட்டுது"ன்னாங்க அம்மாகிட்ட.

அம்மா அரிசி பொறுக்கிக்கிட்டு இருந்தாங்க. தல நிமிரல. "அவளுக்கு அதுதான வேல"ன்னாங்க.

அப்பா எலின்னு சொன்னாரு. நானும் எலின்னுதான் சொன்னேன். ஆனா அந்த நேரம் வந்தா மூணு பேரும் பேச்ச நிப்பாட்டிட்டு அடுப்பப் பாத்துக்கிட்டு இருப்போம். சத்தம் நின்னாத்தான் யாராச்சும் எதயாச்சும் பேசுவோம்.

மூணாவது மாசம் முடியிற சமயத்துல கணக்கப்பிள்ளை ஐயா வந்தாரு. பக்கத்துத் தோட்டத்துல இருந்து ஒரு குடும்பம் வந்திருக்கு, வேலைக்கு அஞ்சு ஆளு, அவங்களுக்கு வீடு வேணும். சனிக்கெழம தொர லயம் பாக்க வர்றாரு.

"காம்பராவப் பூட்டிட்டு இஸ்தோப்புல இருக்கீங்க. அப்ப அது சும்மா கெடக்கிற ரூம்னுதான தொர சொல்லுவாரு? நான் என்னான்னு சொல்றது?"

அப்பா கையக் கட்டிக்கிட்டு நின்னாரு. "ஆறு மாசங்க ஐயா. பாதி முடிஞ்சிருச்சுங்க."

"எனக்குத் தெரியாதா அடைப்புன்னா? எங்கப்பாவுக்கும் வச்சோம். தொரைக்குத் தெரியுமா? பூட்டு தொங்குச்சுன்னா ஒடைச்சு அவங்கள உள்ள விடச் சொல்லுவாரு. ஒங்கள மேல் லயத்துல யாருகூடயாச்சும் பாதிப் பாதி போடுவாரு. உள்ள ஆளு இருந்தா மட்டுந்தான் நான் பேச முடியும்."

அவரு போனதும் அம்மா எந்திரிச்சு அந்தக் கதவுல முதுகு வச்சு உக்காந்துட்டாங்க. "அஞ்சு பேரு போனா எம்புள்ள எங்க நிப்பா?" அது ஒன்னத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாங்க. "எங்க நிப்பா? எங்க நிப்பா?"

எனக்கும் அதான் பயம். வீடு போறது கூடப் பெருசாத் தெரியல. தெரியாத சனம் அஞ்சு பேரு அவ பாயச் சுருட்டி வெளிய போட்டு, அடுப்பப் பத்த வச்சு, கொழந்தைப் பீத்துணி காயப் போட்டு, அவ அவ்வளவு பேருக்கும் நடுவுல நிக்க எடமில்லாம நிக்கிறா. கண்ண மூடுனா அதான் தெரிஞ்சுச்சு.

அப்பா, நான் உள்ள போறேன்னாரு. அவரு போயி ஒன்னு ஆச்சுன்னா நாங்க ரெண்டு பேரும் என்னா ஆவோம். அம்மா, நான் போறேன்னாங்க. அம்மாவ விட்டா அவங்க திரும்பி வரவே மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். அதனால நான் போறேன்னுட்டேன்.

பண்டாரத்துக்கிட்ட கேட்டோம். "போகலாம். ஆனா போனவ அடைப்புக்குள்ள போனவதான். மிச்ச நாளு முடியிற வரைக்கும் ஒங்ககூட பொழங்கக் கூடாது. நெலவாசலுக்கு உள்ள நீங்க வரக் கூடாது, சோத்த வெளிய இருந்து வைக்கணும். வேலைக்கு மட்டும் போகட்டும்"னாரு. அத்தை எம் முன்னாடியே அம்மாவப் புடிச்சு உலுக்குனாங்க. "போன புள்ள ஒன்னு போதாதா மதினி, இதயும் அனுப்புறீங்களா?" அம்மா அத்தை கைய வெலக்குனாங்க. இடுப்புல இருந்து சாவிய அவுத்து என் கையில வச்சாங்க. சாவி சூடா இருந்துச்சு.

சனிக்கெழம விடியக் கதவத் தொறந்தேன். மூணு மாசமாப் பூட்டிக் கெடந்த எடம். பூஞ்சக்காளான் வாட வரும், ஒட்டட தொங்கும்னு நெனச்சு மூக்கப் பொத்திக்கிட்டுப் போனேன். வாட வரல. ஒட்டட இல்ல. தகரத்து இடுக்குல இருந்து கொஞ்சம் வெளிச்சம் எறங்குச்சு. அதுக்கு நேரா கீழ தர ஈரமா இருந்துச்சு. மத்த எடமெல்லாம் சுத்தமா இருந்துச்சு. அவ்வளவு சுத்தமா நான் ஒரு நாளும் கூட்டுனதில்ல. அக்கா பாயி விரிச்சபடியே கெடந்துச்சு. அவ படுத்த பள்ளம் தெரிஞ்சுச்சு. வெளக்கமாறு நாங்க வச்ச எடத்துலதான் இருந்துச்சா, மாறியிருந்துச்சான்னு எவ்வளவு யோசிச்சும் எனக்கு வெளங்கல.

எம்பாய அவ பாயிக்குப் பக்கத்துல விரிச்சேன். நடுவுல ஒரு ஆளுக்கு எடம் விட்டேன். ஏன் விட்டேன்னு தெரியல. எந்தச் சத்தமும் கேக்கல. அதான் எனக்குப் பயமா இருந்துச்சு. வெளிய இருக்கையில சத்தம் கேட்டா அவ உள்ள இருக்கான்னு தெரியும். இப்ப உள்ள வந்தப்பறம் சத்தமே இல்ல. நான் நிக்கிறதப் பாத்துக்கிட்டு அவ சும்மா நிக்கிற மாதிரி இருந்துச்சு.

பத்து மணிக்கு தொர வந்தாரு. கணக்கப்பிள்ளை ஐயா பொஸ்தகத்தப் புடிச்சுக்கிட்டு பின்னால நின்னாரு. தொர தலையக் குனிஞ்சு உள்ள பாத்தாரு. அவரு வாசல மறைச்சதும் காம்பரா இருட்டாயிருச்சு.

"இந்த ரூம் ஆள் இருக்கா?"

"இருக்குங்க தொர."

"ஏன் தகரம் இப்படி?"

நான் வாயத் தொறக்கிறதுக்குள்ள கணக்கப்பிள்ளை ஐயா, "காத்துங்க தொர. போன மழைக் காத்து"ன்னாரு. எங்களுக்காகப் பொய் சொன்னாரு. அந்தப் புண்ணியம் அவருக்குச் சேரட்டும்.

தொர போகல. எனக்குப் பின்னால பாத்துக்கிட்டே நின்னாரு. பெறகு கேட்டாரு. "ரெண்டு பொண்ணு?"

பொஸ்தகத்துல அக்கா பேர இன்னும் வெட்டாம இருந்திருக்கலாம். விரிச்ச ரெண்டு பாயையும் பாத்துக் கேட்டிருக்கலாம். அக்கா ஆறு வருசம் அவரு வீட்டுல கூட்டுனவ. அவ மொகம் அவருக்கு நெனப்பு இருக்குமா இல்லயான்னு எனக்குத் தெரியாது. கணக்கப்பிள்ளை ஐயா மொகத்துல ரத்தமே இல்ல. நான் திரும்பிப் பாக்கல.

"ஆமாங்க தொர. ரெண்டு பேரு"ன்னேன்.

தலைய ஆட்டிட்டுப் போயிட்டாரு. வீடு எங்களுக்கே நின்னுருச்சு. வந்த குடும்பத்த ஆத்துக்கு அந்தப் பக்கத்து லயத்துல வச்சாங்க.

அது நடந்து இப்ப ஒன்னரை மாசம் ஆச்சு. காலையில கொழுந்துக்குப் போறேன். நான் பறிக்கிற நெரைக்குப் பக்கத்துல யாரும் நிக்கிறதில்ல. கொழுந்த நெறுத்து எடை போடுற எடத்துல கூடைய எறக்குனா, ரெண்டு கூடை எடம் விட்டுத்தான் அடுத்தவ எறக்குறா. எம்மேல யாருக்கும் கோவம் இல்ல. சிரிக்கிறாங்க, தூரத்துல இருந்து. சாயங்காலம் வந்து கதவச் சாத்திக்கிறேன். அம்மா சோத்த நெலவாசல்ல வச்சிட்டு ஒரு அடி தள்ளி நிப்பாங்க. மொதல்ல எல்லாம் எங்கிட்டதான் பேசுவாங்க. கையில முள்ளு குத்துனது ஆறிருச்சா, கம்பளி போதுமான்னு.

ஒரு நாளு தட்டு ரொம்ப நெறைய இருந்துச்சு. இவ்வளவு எதுக்கும்மான்னேன். அம்மா என்னயப் பாக்கல. நான் விட்டு வச்சிருக்கிற அந்த நடு எடத்தயே பாத்தாங்க.

"அவகிட்ட ஒன்னு கேளேன்."

"என்னாம்மா?"

"மொத நாளு காய்ச்சல்னு படுத்தா. நாந்தான், நடிக்காதடி, பங்களாவுக்குப் போன்னு எழுப்பி வெரட்டுனேன். மழையில போனா. அது அவ மனசுல இருக்கான்னு கேளு."

அன்னைக்கு அம்மா வெரட்டுனப்ப நானும் அங்கதான் இருந்தேன். நடிக்கிறான்னு நானும் சிரிச்சேன். அம்மாவுக்கு அது நெனப்பில்ல.

சரின்னு திரும்பி, சத்தமாத்தான் கேட்டேன். அக்கா, அம்மா இப்பிடிக் கேக்குறாங்க. என்னயப் பத்தியும் சேத்துக் கேட்டேன், அது மனசுக்குள்ள. தகரத்து இடுக்கு வழியா பனி எறங்கிக்கிட்டு இருந்துச்சு. நான் நெசமாவே காது குடுத்தேன்.

"என்னா சொல்றா?"

"ஒன்னும் இல்லயாம், அம்மா. சாப்புடச் சொல்றா ஒங்கள."

அம்மா முந்தானையில மொகத்தத் தொடைச்சுக்கிட்டுப் போனாங்க. அக்கா போனதுக்கப்பறம் அன்னைக்குத்தான் வயிறாரச் சாப்புட்டாங்கன்னு அப்பா வெளிய இருந்து சொன்னாரு. அதுல இருந்து தெனமும் ஒரு கேள்வி. நான் ஒரு பதில் சொல்றேன். சில பதிலு நான் யோசிக்கிறதுக்கு முன்னாடியே வந்துருது. ஒரு நாளு அம்மா, அக்கா சின்னப் புள்ளையில எதுக்கு அழுதான்னு கேட்டாங்க. நான் அப்பப் பொறக்கவே இல்ல. ஆனா சொன்னேன். அம்மா ஆமான்னாங்க.

அடைப்பு முடிய இன்னும் ஒன்னரை மாசம் கெடக்கு. கதவத் தொறந்து, கழுவி விட்டு, நான் வெளிய வந்துரலாம். அம்மா பக்கத்துல படுக்கணும். அது ஒன்னுதான் எனக்கு ஆச. நேத்து அப்பா நெலவாசலுக்கு அந்தப் பக்கம் குத்த வச்சு உக்காந்து, மெதுவா ஒன்னு சொன்னாரு.

"ஒங்கம்மா பண்டாரத்துகிட்ட போயிருக்கா. இன்னொரு ஆறு மாசம் அடைப்பக் கூட்டி வைக்க முடியுமான்னு கேட்டாளாம்."

"பண்டாரம் என்னா சொன்னாரு?"

"பாக்கலாம்னாராம்."